ஓஏபி (முதியோர் உதவித்தொகை), விதவை பென்ஷன், மகளிர் உரிமைத் தொகை: மனு எங்க நிக்குது, பணம் எங்க நிக்குது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டுல முதியோர் உதவித்தொகைக்கு எழுதிப் போட்டுட்டு காத்திருக்கறவங்க வீட்டுப் பிள்ளைங்களுக்காகத்தான் இதை எழுதறேன், ஏன்னா பெரியவங்க ஆபீஸுக்கு போனா "வரும்மா, போயிட்டு வாங்க"ன்னு ஒரே பதில்தான் கிடைக்குது. மனு நின்னு போறதுக்கு மூணு காரணம்தான் இருக்க முடியும். தகுதியில சிக்கல், இல்லன்னா நிதி இல்ல, இல்லன்னா ஃபைலை பாக்க ஆள் இல்ல. மூணுல எதுன்னு தெரிஞ்சாதான் யார்கிட்ட போகணும்னு தெரியும், ஆனா எதுன்னு அவங்களா சொல்ல மாட்டாங்க, நாமதான் கேட்டு வாங்கணும்.

கேள்வி: சமூக நலத்துறைதானே இதைப் பாக்குது? அங்க போனா தாலுகா ஆபீஸுக்கு போங்கன்னு விரட்டறாங்களே?

அவங்க சொல்றது சரி. முதியோர் உதவித்தொகை, ஆதரவற்ற விதவை உதவித்தொகை, கணவரால் கைவிடப்பட்டவங்களுக்கு வர்றது, 50 வயசு தாண்டியும் கல்யாணம் ஆகாத பெண்களுக்கு வர்றது, இதெல்லாம் வருவாய்த் துறை கையில இருக்கு. தாலுகாவுல தாசில்தார் ஒருத்தர் இருப்பார், அவர் இல்ல, இதுக்குன்னு சமூகப் பாதுகாப்புத் திட்ட தனி வட்டாட்சியர்னு வேற ஒருத்தர் இருப்பார், தனி தாசில்தார்னு கேட்டா காட்டுவாங்க. மாவட்டத்துல அவருக்கு மேல தனித்துணை ஆட்சியர். மகளிர் உரிமைத் தொகை வேற துறை, சிறப்புத் திட்ட செயலாக்கத் துறை, ஆனா கீழ வேலை செய்யறது பெரும்பாலும் அதே வருவாய்த் துறை ஆளுங்கதான். மாற்றுத்திறனாளிகளுக்குன்னு தனித் துறையும் இருக்கு, அதனால அந்த உதவித்தொகைன்னா எந்த ஆபீஸ்ல மனு குடுத்தோம்னு ரசீதைப் பாத்துட்டு கிளம்புங்க.

கேள்வி: இ-சேவை மையத்துல போட்டாச்சு. அதுக்கப்புறம் என்ன நடக்கும்?

மனு முதல்ல கிராம நிர்வாக அலுவலர், அதாவது விஏஓவுக்கு போகும், அவர் நேர்ல விசாரிச்சு அறிக்கை போடணும், அப்புறம் வருவாய் ஆய்வாளர், அதாவது ஆர்ஐ பாப்பார், அதுக்கப்புறம் தனி தாசில்தார் ஆர்டர் போடணும். கம்ப்யூட்டர்ல போட்டதால ஆள் வேலை குறைஞ்சுருச்சுன்னு நினைக்காதீங்க, கம்ப்யூட்டர் ஃபைலைத் தூக்கிட்டுப் போற வேலையை மட்டும்தான் குறைச்சுது, வயசு சரியா, வேற வருமானம் இருக்கா, பாத்துக்க ஆள் இருக்காங்களான்னு தெருவுல போய் கேக்கற வேலை அப்படியேதான் இருக்கு. ரசீதுல இருக்கற விண்ணப்ப எண்ணை வெச்சு நிலைமையைப் பாக்கலாம், அந்த ரசீதை தொலைக்காதீங்க, போன்ல ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்கங்க.

இங்க ஒண்ணு கவனிக்கணும். ஆர்டர் வந்தா பணம் வந்துரும்னு நினைக்கறோம். ஆர்டர்ங்கறது நீங்க தகுதியானவர்னு சொல்றது. அந்தப் பேர் மாசாந்திர பட்டியல்ல ஏறி, பில் போட்டு, கருவூலத்துல பாஸ் ஆகி, பேங்குக்கு போய் அக்கவுண்ட்ல விழறது தனி வேலை, தனி ஆளுங்க. அதனால ஆர்டர் கைக்கு வந்தும் பணம் வரலன்னா விஏஓகிட்ட சண்டை போட்டு பிரயோஜனம் இல்ல, அவர் வேலை எப்பவோ முடிஞ்சுருச்சு.

கேள்வி: மாசம் 1200 யார் குடுக்கறாங்க? மத்திய அரசா மாநில அரசா?

ரெண்டும்தான், ஆனா பங்கு எவ்வளவுன்னு தெரிஞ்சா உங்களுக்கு கோபம் வரும். தமிழ்நாடு இந்தத் திட்டத்தை 1962லயே ஆரம்பிச்சுருச்சு, அப்ப மாசம் 20 ரூபா. மத்திய அரசு 1995 ஆகஸ்ட் 15லதான் தேசிய முதியோர் ஓய்வூதியம்னு கொண்டு வந்துச்சு, அப்ப 75 ரூபா. 2007ல அதுக்கு இந்திரா காந்தி பேர் வெச்சாங்க, அந்த சமயத்துல தொகை 200 ரூபாயா இருந்துச்சு. அதுக்கப்புறம் 2011ல வயசு வரம்பை 65ல இருந்து 60 ஆக்கினாங்க, 80 வயசு தாண்டினவங்களுக்கு 500 ரூபா ஆக்கினாங்க, அவ்வளவுதான். 60ல இருந்து 79 வயசு வரைக்கும் அந்த 200 ரூபா அப்பலருந்து அப்படியே நிக்குது. அப்ப 200 ரூபாய்க்கு என்ன வாங்க முடிஞ்சுது இப்ப என்ன வாங்க முடியுதுன்னு யோசிச்சுப் பாருங்க, பெரியவங்களுக்கு குடுக்கற பணத்துல விலைவாசியையே கணக்குல எடுக்காம இத்தனை வருஷம் விட்டது பெரிய அநியாயம்னுதான் நான் சொல்வேன்.

மாநில அரசு மேல தன் பணத்தைப் போட்டு 2011ல 1000 ஆக்குச்சு, அப்புறம் 12 வருஷம் கழிச்சு 2023 ஆகஸ்ட்ல இருந்து முதியோருக்கும் விதவைகளுக்கும் 1200 ஆச்சு, மாற்றுத்திறனாளிகளுக்கு 1500. அதனால 1200ல பெரும்பங்கு மாநிலத்தோட பணம்.

கேள்வி: எனக்கு எல்லா தகுதியும் இருக்கு, விஏஓ வந்து பாத்துட்டு சரின்னு சொல்லிட்டார், அப்புறம் ஏன் காத்திருக்கச் சொல்றாங்க?

இதுதான் அதிகம் பேர் கேக்கற கேள்வி, இதுக்குத்தான் ஒழுங்கா பதில் சொல்ல யாரும் இல்ல.

மத்திய அரசு ஒவ்வொரு மாநிலத்துக்கும் இத்தனை பேருக்குத்தான் பணம் தருவேன்னு ஒரு உச்ச எண்ணிக்கை வெச்சிருக்கு. ஊர்ல தகுதியானவங்க எத்தனை பேர் இருந்தாலும் அந்த எண்ணிக்கை அதோட ஏறாது. மிச்ச பேரை மாநிலம் தன் திட்டத்துல சேக்கணும், அதுக்கு பட்ஜெட்ல இடம் இருக்கணும். மாநிலம் முழுக்க எல்லா வகை உதவித்தொகையும் சேத்து சுமார் 30 லட்சம் பேர் வாங்கறாங்கன்னு வெச்சுக்கங்க, தலைக்கு நூறு ரூபா ஏத்தினா மாசம் 30 கோடி, வருஷத்துக்கு 360 கோடி. புதுசா ஒரு லட்சம் பேரை 1200 ரூபாயில சேத்தா மாசம் 12 கோடி, வருஷத்துக்கு 144 கோடி. இந்தக் கணக்கை நிதித்துறை பாத்துட்டு சரின்னு சொன்னாதான் கீழ ஆர்டர் போட முடியும். அதனாலதான் ஏற்கனவே வாங்கறவங்க யாராவது இறந்து போனாலோ தகுதி இழந்தாலோ அந்த இடத்துல புதுசா ஒருத்தரை சேக்கறதுங்கற நிலைமை வருது. ஒரு கிழவி சாகறதுக்காக இன்னொரு கிழவி காத்திருக்கணும்ங்கறது எவ்வளவு கொடுமை, ஆனா நடைமுறை இப்படித்தான் போகுது.

அதனால "காத்திருங்க"ன்னு சொன்னா உடனே கேக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு: என் மனு தகுதியில பாஸ் ஆயிருச்சா, நிதிக்காகத்தான் காத்திருக்கா? ஆமான்னா காத்திருப்போர் பட்டியல்ல என் பேர் எத்தனாவது, எந்தத் தேதி வரிசையில சேக்கறீங்க? இதை எழுத்துல கேளுங்க. வாயால கேட்டா வாயாலதான் பதில் வரும், அடுத்த மாசம் ஆள் மாறினா அந்தப் பதிலும் போயிரும்.

கேள்வி: ஆபீஸர்ங்க சம்பளத்துக்கும் ஜீப்புக்கும் எங்க பென்ஷன் பணத்தை எடுத்துக்கறாங்களா?

அப்படி நேரா எடுக்க முடியாது. பட்ஜெட்ல ஒவ்வொரு செலவுக்கும் தனித் தலைப்பு உண்டு, சமூகப் பாதுகாப்புக்கும் நலத்துக்கும் 2235ன்னு ஒரு பெரிய கணக்குத் தலைப்பு, இது இந்தியா முழுக்க ஒரே எண். அதுக்குள்ள உதவித்தொகை தனி, சம்பளம் தனி, பயணப்படி தனி, ஆபீஸ் செலவு தனி. ஒண்ணுல மிச்சமிருக்கறதை இன்னொண்ணுக்கு மாத்தணும்னா அதுக்கு மறு ஒதுக்கீடுன்னு தனி உத்தரவு வேணும், கீழ இருக்கற ஆபீஸர் இஷ்டத்துக்கு மாத்த முடியாது. கூடுதலா பணம் வேணும்னா துணை மானியக் கோரிக்கை வெச்சு சட்டசபையில ஒப்புதல் வாங்கணும்.

நிஜமான பிரச்சினை வேற இடத்துல இருக்கு. நிதியாண்டு ஏப்ரல் 1ல ஆரம்பிச்சு மார்ச் 31ல முடியுது, செலவாகாத பணத்தை சரண்டர் பண்ணியாகணும், அதாவது அரசுக்கே திருப்பிக் குடுக்கணும், அடுத்த வருஷத்துக்கு எடுத்து வெச்சுக்க முடியாது. மத்திய அரசு பணம் தவணையா வரும், முதல் தவணைக்கு பயன்பாட்டுச் சான்றிதழ் அனுப்பினாதான் அடுத்தது வரும், அதை அனுப்ப ஒரு மாவட்டம் லேட் பண்ணினாலும் கணக்கு தொங்கும். ஒரு பக்கம் பணம் இல்லன்னு மனுவை நிறுத்தி வெச்சுட்டு இன்னொரு பக்கம் வருஷக் கடைசியில பணம் திரும்பப் போச்சுன்னா அது வேலை செய்ய ஆள் இல்லாததோட விளைவு. அடுத்த கேள்வி அதைப் பத்திதான்.

கேள்வி: ஆள் பத்தலங்கறது நிஜமா, இல்ல சாக்கா?

நிஜம். ஒரு விஏஓ கையில என்னென்ன வேலை இருக்குன்னு பாருங்க, பட்டா மாறுதல் விசாரணை, சாதி வருமான இருப்பிடச் சான்று எல்லாத்துக்கும் அறிக்கை, அடங்கல்ங்கற பயிர்க் கணக்கு, வெள்ளம் வந்தா சேதக் கணக்கு, தேர்தல் வந்தா அந்த வேலை, நடுவுல ஓஏபி விசாரணை. இதுல பக்கத்து கிராமத்துல இடம் காலியா இருந்தா கூடுதல் பொறுப்புன்னு அதையும் இவர் தலையில கட்டிருவாங்க. காலியிடம் நிரம்பணும்னா டிஎன்பிஎஸ்சி குரூப் 4 நோட்டிஃபிகேஷன் வரணும், பரீட்சை நடக்கணும், ரிசல்ட், கவுன்சிலிங், ட்ரெயினிங், இதுக்குள்ள அங்க இன்னும் நாலு பேர் ரிட்டயர் ஆயிருப்பாங்க. விஏஓ பரீட்சை முன்னாடி தனியா நடந்துட்டிருந்தது, 2018ல நடந்த பரீட்சையில இருந்து குரூப் 4 கூட சேத்துட்டாங்க.

அனுமதிக்கப்பட்ட பணியிடம்னு ஒரு எண்ணு இருக்கும், அதுல எத்தனை பேர் நிஜமா உக்காந்திருக்காங்கன்னு வேற எண்ணு இருக்கும். ரெண்டாவது எண்ணைத்தான் பாக்கணும். பத்து வருஷம் முன்னாடி இருந்த திட்டங்களுக்கு போட்ட பணியிடத்தை வெச்சுக்கிட்டு புதுசு புதுசா திட்டம் சேத்துட்டே போனா என்ன ஆகும்? விசாரணைக்கு தெருவுக்குப் போகாம ஆபீஸ்லயே உக்காந்து "தகுதி இல்லை"ன்னு மொத்தமா தள்ளி விடறதுதான் ஆகும், அந்த ரெண்டு வார்த்தையால ஒருத்தருக்கு சாப்பாடு போகுது. அதுக்காக அந்த கிளார்க்கை மட்டும் திட்டறதுல எனக்கு உடன்பாடு இல்ல, ஆனா அவரும் நிராகரிச்ச காரணத்தை தெளிவா எழுதணும், எவ்வளவு வேலை இருந்தாலும் அதுல விட்டுக்குடுக்க முடியாது.

கேள்வி: ஆர்டர் வந்துச்சு, பணம் அனுப்பிட்டோம்னு ஆபீஸ்ல சொல்றாங்க, பாஸ்புக்குல வரவே இல்ல. எங்க போச்சு?

பல கேஸுல பணம் வேற அக்கவுண்ட்ல கிடக்கும். ஆதார் வழியா பணம் அனுப்பும்போது கணக்கு எண்ணைப் பாத்து அனுப்பறதில்ல, உங்க ஆதார் எந்த பேங்கோட இணைஞ்சிருக்குன்னு, பேங்குகளுக்கு நடுவுல பணப் பரிமாற்றத்தை நடத்தற என்பிசிஐங்கற அமைப்பு வெச்சிருக்கற பதிவைப் பாத்து அங்க அனுப்புது. ஒரு ஆதாருக்கு ஒரு பேங்க்தான் அதுல இருக்கும், கடைசியா எந்த பேங்க்ல இணைச்சீங்களோ அதுதான். பெரியவங்களுக்கு தெரியாமலே, நூறு நாள் வேலைக்கோ லோனுக்கோ குழு கணக்குக்கோ புதுசா ஒரு அக்கவுண்ட் ஓப்பன் பண்ணி ஆதார் இணைச்சு ஃபார்ம்ல கைநாட்டு வாங்கியிருப்பாங்க, பணம் அங்க போய் சேந்துட்டிருக்கும், பழைய பாஸ்புக்கை எத்தனை தடவை பதிஞ்சாலும் ஒண்ணும் வராது. ஆதார் வெப்சைட்லயே எந்த பேங்க் இணைஞ்சிருக்குன்னு பாக்கலாம், பதிஞ்ச மொபைலுக்கு ஓடிபி வரும். மொதல்ல இதைப் பாருங்க, அப்புறம் தாலுகா ஆபீஸுக்கு போங்க.

ஒரு காலத்துல மணியார்டர்ல வந்துச்சு, போஸ்ட்மேன் வீட்டு வாசல்ல வந்து குடுப்பார். பேங்க் வந்ததுல நல்லது உண்டு, நடுவுல கை நீட்டறவங்க குறைஞ்சாங்க. ஆனா படுத்த படுக்கையா இருக்கறவங்களுக்கு போஸ்ட்மேன் வந்தது எவ்வளவு பெரிய விஷயம்னு இப்பதான் தெரியுது. பேங்க் சார்புல மெஷினோட ஊருக்குள்ள வர்றவங்க இருக்காங்க, நடக்க முடியாதவங்க வீட்டுக்கு வரச் சொல்லி கேளுங்க.

கேள்வி: அம்மாவுக்கு கைரேகை விழல. என்ன பண்றது?

வயசானவங்களுக்கும் காலம் முழுக்க கூலி வேலை பாத்தவங்களுக்கும் ரேகை தேஞ்சு போயிருக்கும், அது அவங்க தப்பு இல்ல. ஆதார் மையத்துல பயோமெட்ரிக் அப்டேட் பண்ணிப் பாருங்க, கண் கருவிழி மெஷின் இருந்தா அதுல முயற்சி பண்ணுங்க. பேங்குக்கு நேர்ல கூட்டிட்டுப் போய் பாஸ்புக்கோட பணம் எடுக்கற வழியும் இருக்கு. ரேகை விழலங்கறதுக்காக உதவித்தொகையையே மறுக்கக் கூடாது, இதுக்கு மாற்று வழி வெச்சிருக்கணும்னு ஆதார் ஆணையம் 2017லயே எழுதி அனுப்பியிருக்கு.

கேள்வி: அஞ்சு வருஷமா வந்துட்டிருந்தது, திடீர்னு நின்னு போச்சு!

வருஷா வருஷம் சரிபார்ப்பு நடக்கும், ஆள் உயிரோட இருக்காரா, அதே ஊர்ல இருக்காரான்னு. விசாரிக்க வந்த அன்னிக்கு பெரியவர் பொண்ணு வீட்டுக்கு போயிருந்தா "முகவரியில் இல்லை"ன்னு எழுதிட்டுப் போயிருவாங்க. ரேஷன் கார்டுல பேர் நீக்கினது, ஆதார்ல வயசு வேற மாதிரி இருக்கறது, மகனுக்கு அரசு வேலை கிடைச்சது, இதெல்லாமும் காரணமா வரும். எதுக்கு நிறுத்தினாங்கன்னு எழுத்துல கேளுங்க, உயிரோட இருக்கறவரை இறந்ததா எழுதியிருந்தா அவரையே கூட்டிட்டு கலெக்டர் ஆபீஸ் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளுக்குப் போங்க. அங்க குடுக்கற மனுவுக்கு எண் போட்டுத் தருவாங்க, அந்த எண்ணுக்கு கீழ இருக்கற ஆபீஸ் பதில் சொல்லியே ஆகணும். வருஷத்துக்கு ஒரு தடவை தாலுகாவுல ஜமாபந்தின்னு வருவாய்க் கணக்கு சரிபாக்கற நிகழ்ச்சி நடக்கும், அதுலயும் குடுக்கலாம். முதல்வர் உதவி மைய எண் 1100க்கு போன் பண்ணியும் பதிவு பண்ணலாம்.

கேள்வி: எத்தனாம் தேதிக்குள்ள பணம் வரணும்னு விதி ஏதாவது இருக்கா?

2001 நவம்பர் 28ல சுப்ரீம் கோர்ட் பியுசிஎல்ங்கற மனித உரிமை அமைப்பு தொடுத்த உணவு உரிமை வழக்குல போட்ட உத்தரவு இருக்கு, தேசிய முதியோர் ஓய்வூதியத்தை ஒவ்வொரு மாசமும் 7ஆம் தேதிக்குள்ள குடுக்கணும்னு. மனுவுல இதைக் குறிப்பிட்டு எழுதுங்க.

கேள்வி: மகளிர் உரிமைத் தொகை நிராகரிச்சுட்டாங்க. வீட்டுக்கு யாருமே வந்து பாக்கலயே, எதை வெச்சு நிராகரிச்சாங்க?

டேட்டாவை வெச்சு. 2023 செப்டம்பர் 15ல காஞ்சிபுரத்துல ஆரம்பிச்ச இந்தத் திட்டத்துக்கு ஒண்ணரை கோடிக்கு மேல மனு வந்துச்சு, அதுல 1.06 கோடி பேரை தேர்ந்தெடுத்தாங்க. இத்தனை வீட்டுக்கும் ஆள் அனுப்பி விசாரிக்க முடியாதுன்னு ஏற்கனவே அரசுகிட்ட இருக்கற தகவலோட ஒப்பிட்டுப் பாத்தாங்க. குடும்ப வருமானம் வருஷத்துக்கு 2.5 லட்சத்துக்குள்ள இருக்கணும், நிலம் நஞ்சைன்னா 5 ஏக்கர், புஞ்சைன்னா 10 ஏக்கருக்குள்ள, கரண்ட் வருஷத்துக்கு 3600 யூனிட்டுக்குள்ள. இந்த முறையில வேகம் கிடைக்குது, ஆனா ஒரே மீட்டர்ல மூணு குடும்பம் இருந்தா யூனிட் எகிறும், பாகம் பிரிக்காத தாத்தா நிலம் உங்க பேர்ல மொத்தமா காட்டும், வித்த கார் இன்னும் ஆர்சியில உங்க வீட்டுக்காரர் பேர்ல இருக்கும். மெஷின் சொல்றதை வேதவாக்கா எடுத்துக்கக் கூடாதுன்னுதான் மேல்முறையீடுன்னு ஒண்ணு வெச்சிருக்காங்க. முதல் கட்டத்துல நிராகரிச்ச மெசேஜ் வந்து 30 நாளுக்குள்ள வருவாய் கோட்டாட்சியருக்கு இ-சேவை வழியா மேல்முறையீடு பண்ணலாம்னு வெச்சாங்க. எந்தக் காரணத்துக்காக நிராகரிச்சாங்களோ அந்த ஒரு காரணத்தை உடைக்கற பேப்பரை மட்டும் வைங்க, தனி ரேஷன் கார்டு, வண்டி வித்த ரசீது, வாடகை ஒப்பந்தம் இந்த மாதிரி. குடும்ப கஷ்டத்தை நாலு பக்கம் எழுதினா படிக்க அங்க நேரம் இருக்காது.

கேள்வி: அப்பா இறந்துட்டார், அதுக்கப்புறம் ரெண்டு மாசம் பணம் வந்துருக்கு. எடுக்கலாமா?

எடுக்காதீங்க. இறப்புச் சான்றிதழ் நகலோட தனி தாசில்தார் ஆபீஸ்ல சொல்லிருங்க. அம்மாவுக்கு விதவை உதவித்தொகைக்கு அன்னிக்கே மனு போட்டுருங்க. அப்புறம் ஒண்ணு, பலருக்கு தெரியாம போயிருது: வறுமைக்கோட்டுக்கு கீழ இருக்கற குடும்பத்துல சம்பாதிக்கற ஆள் 18ல இருந்து 59 வயசுக்குள்ள இறந்துட்டா தேசிய குடும்ப நலத் திட்டத்துல ஒரே தடவையா 20,000 ரூபா உண்டு.

கேள்வி: புரோக்கர் 3000 குடுத்தா முடிச்சுத் தர்றேன்னு சொல்றார்.

குடுக்காதீங்க. நிதி இல்லாம நிக்கற மனுவை அவரால ஒண்ணும் பண்ண முடியாது, தானா வர்ற நேரத்துல வந்ததுக்கு அவர் காசு வாங்கிட்டுப் போவார். ஆபீஸ்லயே கேட்டாங்கன்னா லஞ்ச ஒழிப்புத் துறைக்கு சொல்லுங்க. 2018ல சட்டத்தை திருத்தினதுல இருந்து குடுக்கறதும் குற்றம், கட்டாயப்படுத்தி வாங்கியிருந்தா 7 நாளுக்குள்ள புகார் குடுத்தா உங்க மேல வராது.

கேள்வி: இதையெல்லாம் யாராவது தணிக்கை பண்றாங்களா?

பண்றாங்க. மாநில கணக்காயர் ஆபீஸ்ல இருந்து தணிக்கைக்கு வருவாங்க, இந்திய தலைமைக் கணக்குத் தணிக்கையாளர், அதாவது சிஏஜியோட அறிக்கை கவர்னர் வழியா சட்டசபைக்கு போகும், அதை பொதுக் கணக்குக் குழு எடுத்து அதிகாரிகளைக் கூப்பிட்டு கேக்கும். ஆனா இது நடக்கறது வருஷக்கணக்கா கழிச்சு, அதுவும் செலவு பண்ணின பணத்தைப் பத்திதான் அதிகம் கேக்கறாங்க. தகுதியில்லாத ஒருத்தருக்கு குடுத்தா ஆடிட் குறிப்பு வரும், வசூல் பண்ணச் சொல்வாங்க, ஆர்டர் போட்ட ஆபீஸர் மாட்டுவார். தகுதியான ஒருத்தருக்கு குடுக்காம விட்டா பெரும்பாலும் எந்தக் குறிப்பும் வராது. அதனால சந்தேகம்னா நிராகரிச்சுருன்னு ஆபீஸருக்கு தோணறது இயல்பு, இந்த ஒரு பக்க பயம்தான் என் பார்வையில இந்தத் துறையோட பெரிய கோளாறு. விட்டுப்போனவங்க கணக்கை எடுக்க ஊர்க்காரங்க சேந்து பண்ற சமூகத் தணிக்கைதான் வழி, நூறு நாள் வேலைக்கு 2005ல போட்ட சட்டத்துலயே அதை வெச்சாங்க, ஓஏபிக்கும் அதே மாதிரி ஒவ்வொரு கிராம சபையிலயும் பட்டியலை வாசிக்கணும்.

கேள்வி: ஆர்டிஐ, அதாவது தகவல் உரிமைச் சட்டத்துல மனு போடலாமா? என்ன கேக்கணும்?

தாராளமா போடுங்க, 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினா போதும், வறுமைக்கோட்டுக்கு கீழன்னா அதுவும் வேண்டாம், சான்று வைக்கணும். 30 நாளுக்குள்ள பதில் வரணும். "ஏன் எனக்கு பணம் தரல"ன்னு கேக்காதீங்க, அது தகவல் இல்லன்னு தள்ளிருவாங்க. இப்படிக் கேளுங்க: என் விண்ணப்பம் எந்தத் தேதியில யார்கிட்ட இருந்தது, ஒவ்வொருத்தரும் என்ன எழுதினாங்க, அந்தக் குறிப்புகளோட நகல். இந்தத் தாலுகாவுல தகுதி பாஸ் ஆகி காத்திருக்கறவங்க எத்தனை பேர், போன நிதியாண்டுல எவ்வளவு நிதி வந்துச்சு, எவ்வளவு செலவாச்சு, எவ்வளவு சரண்டர் ஆச்சு. இந்த ஆபீஸ்ல அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை, இப்ப எத்தனை பேர் இருக்காங்க. பதில் வரலன்னா 30 நாளுக்குள்ள மேல இருக்கற ஆபீஸருக்கு முதல் மேல்முறையீடு, அதுக்கப்புறம் 90 நாளுக்குள்ள மாநில தகவல் ஆணையம். ஸ்பீட் போஸ்ட்ல, போய்ச் சேந்ததுக்கான ஆதாரத்தோட அனுப்புங்க, பெரியவங்க பேர்லயே போடுங்க, கையெழுத்துக்கு பதில் கைநாட்டு வெச்சா பக்கத்துல ஒரு சாட்சி கையெழுத்து வாங்கிக்கங்க.